பதினெட்டா, இருபத்தொன்றா? ஹைதராபாத்தின் பான் டப்பாக்களும் புகையிலைச் சட்டமும்

2024 பிப்ரவரியில் இரண்டு அண்டை மாநிலச் சட்டமன்றங்கள் ஒரே மத்தியச் சட்டத்தைத் திருத்தின. அது 2003-ஆம் ஆண்டின் சிகரெட் மற்றும் பிற புகையிலைப் பொருள்கள் சட்டம். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு ‘கோட்பா’ என்கிறார்கள். ஹைதராபாத்தில் கூடிய தெலங்கானா சட்டமன்றம் பிப்ரவரி 12 அன்று விவாதம் ஏதுமின்றி ஹூக்கா பார்லர்களைத் தடை செய்தது. அதே மாதம் பெங்களூரில் கர்நாடகச் சட்டமன்றமும் ஹூக்கா கூடங்களைத் தடை செய்தது. ஆனால் அதோடு நிற்கவில்லை. புகையிலை வாங்கும் வயதை 18-லிருந்து 21 ஆக உயர்த்தியது, சிகரெட்டை ஒன்றிரண்டாகப் பிரித்து விற்பதைத் தடுத்தது, 200 ரூபாயாக இருந்த அபராதத்தை 1,000 ரூபாயாக்கியது. கர்நாடகத் திருத்தத்துக்குக் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் வர 2025 மே வரை ஆயிற்று. இன்று கர்நாடகத்தின் பீதர் நகரில் 19 வயது இளைஞனுக்கு சிகரெட் விற்பது குற்றம். அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடக்கூடிய தெலங்கானாவின் ஜஹீராபாதில் அது சட்டப்படியான வியாபாரம்.

வயது வரம்பு என்ற எண்ணுக்கு எவ்வளவு வலிமை உண்டு, அந்த வலிமை எதிலிருந்து வருகிறது என்று யோசிக்க ஹைதராபாதைவிடப் பொருத்தமான நகரம் இந்தியாவில் குறைவு. புகையிலைத் தொழிலும் படிப்புத் தொழிலும் இங்கே ஒன்றையொன்று உரசிக்கொண்டே வளர்ந்தவை. வஜீர் சுல்தான் 1916-இல் தொடங்கிய நிறுவனம், நகரின் அடையாளமான சார்மினாரையே சிகரெட்டின் பெயராக்கி நாடெங்கும் விற்றது. இன்று வி.எஸ்.டி. இண்டஸ்ட்ரீஸ் என்ற பெயரில் இருக்கும் அந்த நிறுவனம் வளர்ந்த அசாமாபாத் பகுதியிலிருந்து சிக்கடபள்ளி, நாராயணகூடா, வித்யாநகர் எல்லாம் கூப்பிடு தூரம். கல்லூரிகளும் விடுதிகளும் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் கூடும் நூலகமும் நிறைந்த பகுதிகள் அவை. அமீர்பேட்டையிலும் தில்சுக் நகரிலும் பயிற்சி நிலையங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. மாவட்டங்களிலிருந்து 15, 16 வயதில் ‘இன்டர்’ எனப்படும் மேல்நிலைப் படிப்புக்கு வருகிற பிள்ளைகள் விடுதிகளில் தங்குகிறார்கள். அவர்கள் வாசலைத் தாண்டினால் தேநீர்க் கடையும் அதன் ஓரத்தில் ஒரு பான் டப்பாவும் இருக்கும். நம் ஊர்ப் பெட்டிக்கடைக்கு அங்கே பான் டப்பா என்று பெயர். நான் சொல்லப்போகும் பிரச்சினை முழுவதும் அந்தச் சின்னப் பலகைக் கடையைச் சுற்றித்தான் நடக்கிறது.

சிறுவர்களுக்குப் புகையிலை விற்கக் கூடாது என்ற எண்ணம் நம் நாட்டுக்குப் புதிதல்ல. ஜப்பான் 1900-இலேயே 20 வயதுக்குட்பட்டவர்கள் புகைப்பதைத் தடுத்துச் சட்டம் இயற்றியது. பிரிட்டன் 1908-ஆம் ஆண்டின் சிறார் சட்டத்தில் 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு விற்பதைத் தடை செய்தது. அதைப் பின்பற்றி பஞ்சாப் 1918-இலும் வங்காளம் 1919-இலும் சிறார் புகைபிடித்தலுக்கு எதிராகத் தனிச் சட்டங்கள் கொண்டுவந்தன. அவற்றிலும் வரம்பு 16 வயது. நாடு முழுமைக்குமான பொதுவான வரம்பு கோட்பா சட்டத்தின் 6-ஆம் பிரிவு வழியாக 2004-இல்தான் நடைமுறைக்கு வந்தது. 18 வயது நிரம்பாதவருக்கு எந்தப் புகையிலைப் பொருளையும் விற்கக் கூடாது. கல்வி நிறுவனத்திலிருந்து 100 கஜத்துக்குள் யாருக்குமே விற்கக் கூடாது. இவை இரண்டும்தான் அந்தப் பிரிவு.

விதிகளைப் படித்தால், எழுதியவர்கள் அக்கறையோடுதான் எழுதியிருக்கிறார்கள் என்று தெரியும். வாங்க வந்தவர் 18 நிரம்பியவர் என்று நிரூபிக்கும் பொறுப்பு விற்பவருடையது. கடையில் 60-க்கு 30 சென்டிமீட்டர் அளவில் அறிவிப்புப் பலகை இருக்க வேண்டும். 2011-இல் சேர்த்த விதிகளின்படி தானியங்கி இயந்திரத்தின் வழியே விற்கக் கூடாது, சிறுவர்களைக் கொண்டும் விற்கக் கூடாது, பிள்ளைகளின் கைக்கு எட்டும்படி அடுக்கி வைக்கவும் கூடாது. வாங்கிய பிள்ளைக்குத் தண்டனை எதுவும் இல்லை, விற்றவருக்கு மட்டுமே. இது மிகச் சரியான நிலைப்பாடு. சிங்கப்பூரில் வயது குறைந்தவர் வாங்கினாலும் வைத்திருந்தாலும் அபராதம் உண்டு. அதை நாம் பின்பற்றத் தேவையில்லை. நிகோடினுக்கு அடிமையாகத் தொடங்கும் பிள்ளையைக் குற்றவாளியாக்கினால் அவன் மறைந்துகொள்வானே தவிர, உதவி கேட்டு வரமாட்டான்.

சட்டம் சறுக்குவது தண்டனைப் பகுதியில். 6-ஆம் பிரிவை மீறினால் அதிகபட்சம் 200 ரூபாய் அபராதம். இருபது ஆண்டுகளுக்கு முன் எழுதிய தொகை அது. தெலங்கானாவில் இன்றும் அதுதான். இரண்டு மூன்று சிகரெட் பாக்கெட் விற்ற பணத்தை வைத்துக் கட்டிவிடலாம். இன்னொரு பக்கம், 2016 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சிறார் நீதிச் சட்டத்தின் 77-ஆம் பிரிவு, குழந்தைக்குப் புகையிலைப் பொருள் கொடுப்பவருக்கு ஏழாண்டு வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. ஒரே செயலுக்கு ஒரு சட்டத்தில் 200 ரூபாய், இன்னொரு சட்டத்தில் ஏழாண்டுச் சிறை. இந்த இரண்டாவது சட்டமும் 2021-இல் திருத்தப்பட்டது. மூன்று முதல் ஏழாண்டு வரை தண்டனைக்குரிய குற்றங்களில், நீதித்துறை நடுவரின் உத்தரவு இல்லாமல் போலீஸ் தானாக வழக்கைக் கையிலெடுக்க முடியாது என்றாகிவிட்டது. பள்ளி வாசலில் சிகரெட் விற்றதற்காக ஒரு தலைமையாசிரியர் நடுவர் நீதிமன்றப் படியேறுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஒரு தண்டனை அற்பமானது, மற்றொன்று பயன்படுத்தவே தயங்கவைப்பது. இரண்டுக்கும் நடுவில்தான் கடைக்காரர் பாதுகாப்பாக நிற்கிறார்.

இதன் விளைவைக் கணக்கெடுப்புகள் காட்டுகின்றன. 2019-இல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பின் நான்காம் சுற்றில், இந்தியாவில் 13 முதல் 15 வயதுள்ள மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதோவொரு புகையிலையைப் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். சிகரெட் புகைத்த மாணவர்களில் 38 விழுக்காட்டினரும் பீடி புகைத்தவர்களில் 47 விழுக்காட்டினரும் பத்து வயது முடியுமுன்பே தொடங்கியவர்கள். மெல்லும் புகையிலையில் அது 52 விழுக்காடு. புகைத்த பிள்ளைகளில் பெரும்பான்மையோர் கடையிலேயே வாங்கினார்கள். வாங்கியவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரை, வயதைக் காரணம் காட்டி எந்தக் கடைக்காரரும் திருப்பி அனுப்பவில்லை. சட்டம் வந்து பதினைந்து ஆண்டுகள் கழிந்த பிறகு எடுத்த கணக்கு இது.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு, ‘18-ஐயே அமல்படுத்த முடியவில்லை, 21 எதற்கு?’ என்று கேட்பவர்கள் உண்டு. நேர்மையான கேள்வி. பதில், பிள்ளைகளுக்கு சிகரெட் எந்த வழியாக வருகிறது என்பதில் இருக்கிறது. 2015-இல் அமெரிக்காவின் மருத்துவக் கழகம் இதை விரிவாக ஆராய்ந்தது. 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் வாங்கித் தருபவர்கள் அவர்களைவிட ஓரிரு வயது மூத்த நண்பர்கள். வரம்பு 18 என்றால் அந்த மூத்தவர் அதே பள்ளியில் இருப்பார். 21 என்றால் அவர் அந்த வட்டத்தைவிட்டே வெளியே போயிருப்பார். ஆகவே 21 என்ற வரம்பால் அதிகம் பயனடைவது 19, 20 வயதுக்காரர்கள் அல்ல, 15 முதல் 17 வயதுப் பிள்ளைகளே என்று அந்த ஆய்வு கணித்தது. அன்றைய பதின்வயதினர் பெரியவர்களாகும்போது நாட்டில் புகைப்பவர்கள் 12 விழுக்காடு அளவுக்குக் குறைவார்கள் என்றும் மதிப்பிட்டது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நீதம் என்ற சிற்றூர் 2005-இலேயே 21-க்கு மாறியிருந்தது. 2006-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் புகைப்பவர்கள் ஏறத்தாழ 13 விழுக்காட்டிலிருந்து 7 ஆனார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் குறைந்தது இதைவிட மெதுவாகவே. 2019 டிசம்பரில் அமெரிக்கா முழுமைக்கும் 21 சட்டமானது.

ஹைதராபாத்தின் விடுதி வாழ்க்கைக்கு இந்த வாதம் இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். 16 வயது இன்டர் மாணவனும் 19 வயது பொறியியல் மாணவனும் ஒரே தெருவில், பல வேளைகளில் ஒரே விடுதியில் தங்குகிறார்கள். பதினெட்டு என்ற கோடு அந்தக் கட்டடத்துக்குள்ளேயே ஓடுகிறது. கோட்டின் அந்தப் பக்கம் நிற்கும் அண்ணன் கீழே இறங்கிப் போய் இருவருக்கும் வாங்கி வந்துவிடலாம். கடைக்காரர் எந்தச் சட்டத்தையும் மீறியிருக்க மாட்டார்.

100 கஜ விதியும் இங்கே ஒரு விசித்திரமான நிலையில் இருக்கிறது. கல்வி நிறுவனத்தின் சுற்றுச்சுவரிலிருந்து நாற்புறமும் 91 மீட்டர் அளக்க வேண்டும். ஒரு புள்ளியைச் சுற்றி அளந்தாலே அந்த வட்டம் ஏறத்தாழ 26,000 சதுர மீட்டர், அதாவது ஆறரை ஏக்கர். வளாகம் பெரிதானால் வட்டமும் பெரிதாகும். சந்துக்கொரு பள்ளி இருக்கும் பழைய நகரத்தில் வட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து முழுப் பேட்டைகளே தடைப் பகுதியாகிவிடும். விதியை எழுத்துப்படி நிறைவேற்றினால் நூற்றுக்கணக்கான டப்பாக்கள் இடம்பெயர வேண்டியிருக்கும். ஆகவே யாரும் நிறைவேற்றுவதில்லை. அதே வேளையில், சட்டம் ‘உரிய அதிகாரியால் நிறுவப்பட்ட அல்லது அங்கீகரிக்கப்பட்ட’ பள்ளி, கல்லூரிகளையே பேசுகிறது. அமீர்பேட்டையில் ஒரே கட்டடத்தில் நான்கு மாடிகளில் நடக்கும் பயிற்சி வகுப்புகள் அந்த வரையறைக்குள் வருமா என்பது வாதத்துக்கு இடமளிக்கிறது. பிள்ளைகள் நாள் முழுவதும் இருக்கும் இடத்தை விட்டுவிட்டு, சட்டம் பெயர்ப்பலகையைத் தேடுகிறது.

என்றாலும், வயதையும் தூரத்தையும்விடப் பெரிய ஓட்டை வேறொன்று. பான் டப்பாவில் பெரும்பாலும் பாக்கெட்டை வாங்குவதில்லை. பத்து ரூபாய்க்கோ இருபது ரூபாய்க்கோ ஒரே ஒரு சிகரெட்தான். வரி உயர்ந்து பாக்கெட்டின் விலை ஏறினாலும் ஒரு சிகரெட் பிள்ளையின் கைச்செலவுக்குள் அடங்கிவிடுகிறது. 2016 ஏப்ரலிலிருந்து பாக்கெட்டின் 85 விழுக்காட்டுப் பரப்பில் எச்சரிக்கைப் படம் இருக்கிறது. அதை ஒற்றை சிகரெட் வாங்குபவன் பார்ப்பதே இல்லை. வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய தேவையும் இல்லாததால் பெற்றோர் கண்ணிலும் எதுவும் படாது. விலை, எச்சரிக்கை, வீட்டின் கண்காணிப்பு ஆகிய மூன்று தடுப்புகளையும் ஒற்றை சிகரெட் ஒரே நேரத்தில் தாண்டிவிடுகிறது. 2004-இல் இந்தியா ஏற்ற உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 16-ஆம் பிரிவு, சில்லறையாகவும் சிறு பொட்டலங்களிலும் விற்பதைத் தடுக்க நாடுகள் முயல வேண்டும் என்கிறது. மத்திய அரசு 2020 இறுதியில் வெளியிட்ட கோட்பா திருத்த வரைவில் 21 வயதும் இருந்தது, ஒற்றை விற்பனைத் தடையும் இருந்தது. வரைவு சட்டமாகவில்லை. இதையே கேட்டுப் போன பொதுநல மனுவை 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அதன்பின்தான் கர்நாடகம் தனியாகச் செய்தது.

குட்காவின் கதை வேறு. உணவுப் பொருளில் புகையிலையும் நிகோடினும் கலக்கக் கூடாது என்ற 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதியைக் கொண்டு அதை மாநில அரசுகள் ஆண்டுக்காண்டு தடை செய்கின்றன. தெலங்கானாவும் 2024 மே மாதம் அப்படியொரு உத்தரவு போட்டது. ஆனால் பான் மசாலாவைத் தனிப் பொட்டலமாகவும் புகையிலையைத் தனிப் பொட்டலமாகவும் வாங்கி உள்ளங்கையில் கலந்துகொள்ள முடிகிற வரை அந்தத் தடை பாதிதான். சிகரெட்டை உதிரியாக விற்பதைத் தடுத்தாலும், ஏற்கெனவே சிறு பொட்டலமாகவே வருகிற இவற்றுக்கு அது எட்டாது. மெல்லும் புகையிலையில் பாதிப் பிள்ளைகள் பத்து வயதுக்குள் தொடங்குகிறார்கள் என்பதை நினைத்தால், குறைந்தபட்சப் பொட்டல அளவு ஒன்றையும் நிர்ணயித்தாக வேண்டும்.

உலகில் வயது வரம்பு ஏறிக்கொண்டேதான் போகிறது. இலங்கை 2006-ஆம் ஆண்டிலேயே 21 என்று வைத்துவிட்டது.  சிங்கப்பூர் 2019-இல் 19, 2020-இல் 20, 2021-இல் 21 என்று ஆண்டுக்கொரு படியாக ஏறியது. ஏற்கெனவே வாங்கிக்கொண்டிருந்த எல்லோரையும் ஒரே நாளில் விலக்காமல் ஏறிய முறை அது, நாமும் கற்கலாம். இந்தோனேசியா 2024-இல் 21-க்கு மாறியதோடு ஒற்றை சிகரெட்டையும் தடுத்தது. அயர்லாந்தில் 2028 முதல் 21. நியூசிலாந்து இன்னும் தொலைவாகப் பார்த்தது. 2009 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு ஒருபோதும் விற்கக் கூடாது என்று 2022-இல் சட்டம் செய்தது. ஆட்சி மாறியதும் 2024 பிப்ரவரியில் அது நடைமுறைக்கு வருமுன்பே ரத்தானது. அந்த எண்ணத்தை உண்மையில் நடைமுறைப்படுத்திய நாடு மாலத்தீவு. 2007 ஜனவரி 1 அன்றும் அதற்குப் பின்னும் பிறந்தவர்களுக்கு 2025 நவம்பர் முதல் அங்கே புகையிலை கிடையாது. புகையிலை விளையாத, எல்லாமே துறைமுகம் வழியாக வந்திறங்கும் தீவு நாட்டில் அது சாத்தியம். ஆந்திரத்தில் சிகரெட் புகையிலை விளைந்து, தெலங்கானா காடுகளில் பீடி இலை பறித்து, நிஜாமாபாதிலும் ஜகித்யாலிலும் பெண்கள் வீட்டுத் திண்ணையில் பீடி சுற்றும் நிலத்தில் தலைமுறைத் தடை இப்போதைக்குப் பொருந்தாது என்றே நினைக்கிறேன்.

‘18 வயதில் வாக்களிக்கலாம், சிகரெட் வாங்கக் கூடாதா?’ என்பது வழக்கமான எதிர்வாதம். ஜப்பான் 2022 ஏப்ரலில் வயதுவந்தோர் என்பதற்கான வயதை 20-லிருந்து 18 ஆகக் குறைத்தது. புகையிலைக்கும் மதுவுக்கும் மட்டும் 20-ஐ விடவில்லை. அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தெலங்கானாவிலேயே மது வாங்கும் வயது 21. ஹைதராபாதில் 19 வயது இளைஞனுக்கு பீர் விற்றால் குற்றம், சிகரெட் விற்றால் குற்றமில்லை. இன்னொரு வேறுபாடு இதைவிட முக்கியமானது. தெலங்கானாவில் 2,620 மதுக்கடைகள் இருக்கின்றன என்று அரசால் சொல்ல முடியும். ஒவ்வொன்றுக்கும் உரிமம் உண்டு, முகவரி உண்டு, ரத்து செய்யும் அதிகாரம் உண்டு. புகையிலை விற்கும் கடைகள் எத்தனை? கோட்பா சட்டத்தில் சில்லறை விற்பனைக்கு உரிமம் என்ற ஏற்பாடே இல்லை. யார் விற்கிறார் என்றே தெரியாத அரசு, யாருக்கு விற்கிறார் என்பதை எப்படிக் கண்காணிக்கும்?

கண்காணித்தால் பலன் உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கா 1992-இல் சைனார் திருத்தம் என்ற விதியைக் கொண்டுவந்தது. மாநிலங்கள் முன்னறிவிப்பின்றிக் கடைகளைச் சோதித்து, சிறார்களுக்கு விற்கும் கடைகளின் எண்ணிக்கையைக் குறைத்துக்காட்ட வேண்டும். தவறினால் மத்திய நிதி வெட்டப்படும். 1997-இல் சோதித்த கடைகளில் ஏறத்தாழ 40 விழுக்காடு சிறார்களுக்கு விற்றன. 2010-களின் தொடக்கத்தில் அது 10 விழுக்காட்டுக்கும் கீழே வந்துவிட்டது. அங்கே யாரையும் ஏழாண்டு சிறையில் போடவில்லை. மாட்டிக்கொள்வோம் என்ற நிச்சயம் இருந்தது, அவ்வளவே.

இந்தியாவிலும் மத்தியச் சுகாதார அமைச்சகம் 2017 செப்டம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது. புகையிலை விற்க உள்ளாட்சியின் அனுமதி வேண்டும், அனுமதி பெற்ற கடையில் மிட்டாய், சிப்ஸ், பிஸ்கட், குளிர்பானம் விற்கக் கூடாது என்று அதில் யோசனை சொன்னது. இரண்டாவது பகுதி எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. எட்டு வயதுக் குழந்தை மிட்டாய் வாங்க நிற்கும் பலகைக்குப் பின்னால் சரம் சரமாகப் பொட்டலங்கள் தொங்குகின்றன. பத்து வயதில் அதைத் தொடுவதற்கான அறிமுகம் அங்கேதான் நடக்கிறது.

உரிமம் என்றதும் மாமூல் என்ற அச்சம் எழும். ஏழைக் கடைக்காரரை மிரட்ட இன்னொரு கருவியாகிவிடும் என்பது வீண் பயமல்ல. அதனால்தான் கட்டணம் பெயரளவுக்கு இருக்க வேண்டும், சோதனை போலீசிடமிருந்து விலகி மாநகராட்சி சுகாதாரப் பிரிவிடம் இருக்க வேண்டும், தண்டனை பணமாக இல்லாமல் சில நாள் விற்பனை நிறுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு வாரம் சிகரெட் விற்க முடியாமற்போவது 200 ரூபாயைவிடப் பெரிய இழப்பு. ஆனால் குடும்பத்தை அழிக்காது. பீடி சுற்றும் பெண்களைக் காட்டி வயது வரம்பை எதிர்ப்பவர்களுக்கும் ஒரு சொல். பிள்ளைகள் வாங்காவிட்டால் இந்தத் தொழில் நாளையே நிற்காது. தலைமுறை தலைமுறையாகச் சுருங்கும். அந்த இடைவெளியில் அந்தப் பெண்களுக்கு மாற்று வேலை தருவது அரசின் கடமை. பீடித் தொழிலாளர்களுக்கு மாத உதவித்தொகை தரத் தொடங்கிய மாநிலம் தெலங்கானா. அக்கறை காட்டத் தெரிந்த அரசால் அடுத்த அடியையும் வைக்க முடியும்.

ஹூக்கா பார்லர்களை மூடியது நல்ல காரியம்தான். ஆனால் வசதியுள்ள இளைஞர்கள் போகும் கூடங்களை மூடிய சட்டமன்றம், எல்லாப் பிள்ளைகளும் கடந்துபோகும் டப்பாவைத் தொடவில்லை. சட்டத்தை மறுபடியும் திறக்க வேண்டும். முதலில் விற்பவர்களின் பட்டியல், அடுத்து ஒற்றை சிகரெட்டுக்கும் சிறு பொட்டலத்துக்கும் தடை, அதன்பின் சிங்கப்பூரைப் போல் படிப்படியாக 21. இந்த வரிசை முக்கியம். பட்டியலும் சோதனையும் இல்லாமல் வயதை மட்டும் உயர்த்தினால், கர்நாடகத்தின் புதிய சட்டத்துக்கும் பழைய சட்டத்தின் கதிதான் நேரும். தெலங்கானாவுக்கு மட்டுமல்ல, 18-ஐயும் 200 ரூபாயையும் இன்னும் வைத்திருக்கும் தமிழ்நாட்டுக்கும் இது பொருந்தும். நம் சட்டமன்ற உறுப்பினர்கள் அடுத்த முறை வாக்குக் கேட்டு வரும்போது, உங்கள் பிள்ளையின் பள்ளிக்கு எதிரே இருக்கும் கடையைக் காட்டி இதைக் கேளுங்கள்.